ஆடிக்கு முன் ஒரு தேதி

எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் அறை உண்டு. எட்டு மாடிக்கும் ஓட்டை விட்டுக் கட்டி, கீழே மோட்டார் அறை, அதற்கு மூன்று ஃபேஸ் மின்சாரம், வாசலில் 'ஆறு நபர்கள் மட்டும்' என்று ஒரு தகடு, எல்லாம் வைத்தார்கள். லிஃப்டை மட்டும் மறந்துவிட்டார்கள். பத்து வருடமாக அந்த அறையில் ஒரு நாயும் அதன் வம்சமும் வசித்து வந்தன. இந்த வருடம் தை மாதம் நாயைக் கிளப்பிவிட்டு நான் குடியேறினேன். என்னோடு நாற்பத்தெட்டு டிஸ்க்குகளும் இரண்டு ஏசியும் வந்தன.

என் பெயர் தணிகாசலம். வயது ஐம்பத்து மூன்று. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் சேவை மையத்தில் பதிவாளனாக இருந்தேன். இந்தக் கதையில் நல்லவன் யாராவது வருவானா என்று தேடுகிறவர்கள் என் பக்கம் பார்க்க வேண்டாம்.

முதல் நாளே எழிலரசி வந்துவிட்டாள். நாலாவது மாடி. இடுப்பில் அவள் மகள் மாரி. ஒன்பது வயதுப் பிள்ளையை யாராவது இடுப்பில் தூக்குவார்களா? மாரியைத் தூக்கலாம். ஐந்து வயதுப் பிள்ளையின் எடைதான் இருப்பாள். நாலு மாடி இறங்கினால் அவளுக்கு மூச்சு வாங்கும், ஏறினால் உதடு நீலமாகிவிடும். என் ஸ்டூலில் அவளை உட்காரவைத்துவிட்டு எழில் டிஸ்க்குகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது, இவ்ளோ பொட்டி? வக்கீலம்மா ஒரு மிசினுன்னுதானே சொன்னாங்க?"

"ஒரு மிசினுதான். ஞாபகம் ஜாஸ்தி. அதான் பொட்டி ஜாஸ்தி."

"சங்கிலிதான் எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்குதே. அதுல எதையும் அழிக்கவே முடியாதுன்னு ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்தாங்க."

எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிறப்பு, இறப்பு, கல்யாணம், விலாசம், ரேஷன் எல்லாம் சங்கிலி என்கிற அரசுக் கணினிப் பதிவேட்டுக்குப் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. காகிதம் செல்லாது. வாய்ச்சாட்சி செல்லாது. பதினோரு விநாடிக்கு ஒரு கண்ணி என்று சங்கிலி நீண்டுகொண்டே போகிறது. நாடு முழுக்க நோடு எனப்படும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் அதைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. ஆனால் கேட்டால் பதில் வர வேண்டுமே.

"ரேஷன் கடை வாசல்ல கரும்பலகை இருக்குல்ல?" என்றேன். "அரிசி இருப்பு இவ்ளோ, பருப்பு இருப்பு இவ்ளோன்னு தினமும் அழிச்சு அழிச்சு எழுதுவாங்க. சாதா நோடு எல்லாம் அந்தப் பலகை மாதிரி. இன்னைக்கு நிலவரம் கேட்டா டக்குன்னு சொல்லும். பத்து வருஷத்துக்கு முன்னாடி இதே நாள்ல இருப்பு இன்னான்னு கேட்டா முழிக்கும். இது இருக்கே, இது ஆர்க்கைவ் நோடு. பலகையை அழிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் ஒரு படம் எடுத்து வெச்சுக்கும்."

"அப்ப கெவர்மென்டுகிட்ட இது இல்லியா?"

"மூணு இருந்துச்சு. கரண்டு குடிக்குதுன்னு மூடிட்டாங்க. பழசை யார் கேக்கப் போறாங்கன்னு."

இதற்கு அரசு வைத்த தமிழ்ப்பெயர் 'ஆவணக் கணு'. கரும்பு வெட்டுகிற ஞாபகம்தான் வருகிறது எனக்கு. அது போகட்டும். விஷயம் என்னவென்றால், ஒரு புது ஆர்க்கைவ் நோடு வேண்டுமானால் சங்கிலியின் முதல் கண்ணியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி நடத்திப் பார்க்க வேண்டும். பதினைந்து வருடத்துப் பிறப்பும் சாவும் கல்யாணமும் அரிசியும் அந்த அறையில் இன்னொரு தடவை நடக்கும். எங்கள் மிஷின் வேகத்துக்குப் பாதிச் சங்கிலியைக் கடக்கவே மூன்று மாதம் ஆகும். எங்களுக்கு வேண்டிய இடம் அந்தப் பாதியில்தான் இருந்தது. அவகாசமும் அதிகம் இல்லை. வருகிற ஆகஸ்ட் முதல் தேதி 'உதிர்ப்பு' என்று அறிவித்திருந்தார்கள். ஒன்பது வருடத்துக்கு மேற்பட்ட கண்ணிகளை எல்லா நோடுகளும் உதிர்த்துவிடும். அதற்குப் பிறகு தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் கிடைக்காது.

எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு நாள். 2041 ஆகஸ்ட் நாலு, ஞாயிற்றுக்கிழமை.

பத்து வருடத்துக்கு முன்னால் இங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் கண்டல்குப்பத்தில் இருந்தார்கள். கழிமுகத்து ஓரம் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பம். பின்பக்கம் இறால் கம்பெனி. இறாலை உறையவைக்க அம்மோனியாக் குழாய்கள் குப்பத்தின் கொல்லை வழியாகவே போகும். ஆபத்தான இடம் என்று சொல்லி, பதினோரு கிலோமீட்டர் தள்ளி இந்த மாடி வீடுகளைக் கட்டிக் கொடுத்தார்கள். சாவி கொடுத்தது ஆனி இருபத்து நாலு. ஜூலை முப்பத்தொன்றுக்குள் குடியேறாதவர்களின் ஒதுக்கீடு ரத்து என்று உத்தரவு. உத்தரவு போட்ட புண்ணியவான் காலண்டரைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஜூலை பதினேழு ஆடி பிறக்கிறது. அதற்குள் எட்டே நாளில் குப்பமே மூட்டை கட்ட முடியாது. ஆடியில் எவன் பால் காய்ச்சுவான்?

குப்பமே என் சேவை மையத்துக்கு வந்துவிட்டது. "ஆவணி மொத முகூர்த்தத்துல போயிடறோம்ணா. நீ இப்ப கம்ப்யூட்டர்ல மட்டும் ஏத்திவுட்டுடு" என்றார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. என் வீட்டிலும் ஆடியில் ஒரு துடைப்பம்கூட வாங்க மாட்டோம். ஆனி இருபத்தேழு, வியாழக்கிழமை, நல்ல நாள். மதியம் ஒன்றரைக்கு ராகுகாலம். ஒன்று இருபதுக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பத்தையும் என் சாவியால் கையெழுத்துப் போட்டுப் புது விலாசத்தில் குடியேற்றினேன். வீட்டுச் சாவி இல்லை. பதிவாளனுக்கு என்று கொடுக்கிற ரகசிய எண். சங்கிலியில் அதுதான் கையெழுத்து. அன்று சாயங்காலம் ஒரு கூடை நண்டு கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஆடி மூன்றாவது ஞாயிறு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். காலை பதினோரு மணி. குப்பமே கோயில் வாசலில் கிண்ணத்தோடு வரிசையில் நின்றது. குழாய் வெடித்தது. பத்தொன்பது பேர் அங்கேயே போனார்கள். எழிலின் புருஷன் சேகர் அதில் ஒருவன். எழில் அப்போது ஆறாம் மாதம். ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப் பிழைத்தாள். கார்த்திகையில் பிள்ளை பிறந்தபோது அம்மன் பெயரையே வைத்தாள். இந்தக் காலத்தில் மாரி என்று யார் பெயர் வைக்கிறார்கள்?

கம்பெனி ஒரே ஒரு வரிதான் சொன்னது. சங்கிலியின்படி அன்று கண்டல்குப்பத்தில் யாரும் இல்லை. இல்லாத இடத்தில் யாருக்கு என்ன பாதிப்பு? கோர்ட்டும் சங்கிலியைப் பார்த்தது. ஆமாம், யாரும் இல்லை. அதனால் வாயுப் பாதிப்புப் பட்டியலே போடவில்லை. இப்போது நுரையீரலுக்கு ஒரு மருந்து வந்திருக்கிறது. மாதம் ஒரு ஊசி. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும்தான் போடுவார்கள். குடியிருப்பில் முந்நூறு பேர் இருமிக்கொண்டே படியேறுகிறார்கள். ஒருவர் பெயரும் எந்தப் பட்டியலிலும் இல்லை. வயிற்றிலிருந்தே வாயு குடித்த பிள்ளை மாரி. இந்த வருடத்துக்குள் ஊசி ஆரம்பிக்காவிட்டால் மூச்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வக்கீல் மெஹருன்னிசாதான் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். "கூழுக்குக் கேழ்வரகு எங்கே வாங்கினாங்க?" என்று கேட்டார். குப்பத்து ரேஷன் கடையில்தான், முதல் நாள் சனிக்கிழமை, கைரேகை வைத்து. அந்தக் கைரேகை சங்கிலியில் இருக்கும். பலகையைப் படம் எடுத்து வைத்தவனிடம் மட்டும்.

அதற்காகத்தான் நான் லிஃப்ட் அறைக்கு வந்தேன்.

மாசி, பங்குனி முழுக்க மிஷின் பழைய நாட்களை மென்று தின்றுகொண்டிருந்தது. திரையில் தேதி ஓடும். இது தெரிந்தது முதல் குடியிருப்பில் ஒரு புதுப் பொழுதுபோக்கு ஆரம்பித்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்த்துக் கேட்பார்கள்.

"இன்னா தணிகாசலம், எங்க வந்துருக்குது?"

"முப்பத்தொன்பது, வைகாசி."

"ஐய, எம்பொண்ணு கல்யாணம். நாளைக்குத் தாண்டிடுமா? தாண்டும்போது கூப்புடு."

தாண்டும்போது என்ன தெரியும்? திரையில் எண்கள்தான் ஓடும். ஆனாலும் ஒரு கிழவர் தன் மனைவி செத்த தேதி ஓடி முடிகிறவரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

மாரி தினமும் அம்மா இடுப்பில் வருவாள். ஏசிக் காற்று அவளுக்கு ஆகாது. கதவுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்ப்பாள்.

"மாமா, நான் எப்ப வருவேன்?"

"நீ இன்னும் பொறக்கவேயில்ல. ஆடி தாண்டி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி தாண்டி, கார்த்திகையில வருவ."

"வந்தா எனக்குக் காட்டணும்."

"உனக்குக் காட்டாம வேற யாருக்குடி காட்டப் போறேன்?"

வாக்கு கொடுக்கும்போது என் நாக்கில் சனி உட்கார்ந்திருக்கும் போலிருக்கிறது.

சித்திரை இரண்டாம் வாரம், ஒரு திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு மிஷின் 2041 ஆகஸ்ட் மூன்றைத் தாண்டியது. மெஹருன்னிசா கோர்ட்டிலிருந்து அப்படியே கறுப்புக் கோட்டோடு வந்துவிட்டார். எழில் மாரியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். நான் கேள்வியைத் தட்டினேன். கண்டல்குப்பம் கடை, கேழ்வரகு, சனிக்கிழமை மாலை நிலவரம்.

நூற்று எழுபத்து நாலு அட்டைகள். நூற்று எழுபத்து நாலு கைரேகைகள். நாற்பத்தோராவது வரியில் எழிலரசி, கேழ்வரகு இரண்டு கிலோ, மாலை நாலு ஐம்பது.

எழில் திரையில் கைவைத்தாள். "ஆமாண்ணா. அந்த மூட்டையில கல்லு கெடந்துச்சு. அவரு உக்காந்து பொறுக்கிக் குடுத்தாரு" என்றாள். அழுகையும் சிரிப்புமாக என் கையைப் பிடித்து உலுக்கினாள். பத்து வருடத்தில் முதல் முறையாக, என்னை நானே கொஞ்சம் பொறுத்துக்கொண்டேன்.

மெஹருன்னிசா மட்டும் சிரிக்கவில்லை. பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"தணிகாசலம் சார். இதைத் தாக்கல் பண்ணா, ஆனி இருபத்தேழு நீங்க போட்டது பொய்ப் பதிவுன்னு நிரூபணம் ஆகிடும். தெரியும்ல?"

"தெரியும் மேடம். உள்ள வெப்பாங்க. வெக்கட்டும்."

"அது சின்ன விஷயம் சார். தொடர்விலக்குன்னு ஒரு விதி வந்திருக்கு, நாலு வருஷம் முன்னாடி. நீங்க வேலையை விட்டப்புறம். ஒரு சாவி ஒரு பொய்ல கையெழுத்துப் போட்டுச்சுன்னு தெரிஞ்சா, அந்தப் பொய்க்கு முன்னாடி போட்டதெல்லாம் நிக்கும். அதுக்கப்புறம் போட்டது எதுவும் செல்லாது. யாரும் உத்தரவு போட வேண்டாம். சங்கிலியே பண்ணிடும், தானா."

"எதுவும்னா?"

"எதுவும். பிறப்பு, இறப்பு, கல்யாணம். நீங்க எப்போ வேலையை விட்டீங்க?"

"மறு வருஷம் மார்ச்."

"எட்டு மாசம். எவ்வளவு பதிவு இருக்கும், பாருங்க."

பார்த்தேன். என் சாவியின் எண்ணைக் கொடுத்துக் கேட்டேன். பின்னால் நடந்தவை இன்னும் நடத்திப் பார்க்கப்படவில்லை என்றாலும் பட்டியல் எடுக்கலாம். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. மெல்ல நகர்த்திக்கொண்டே போனேன். ஆகஸ்டில் பத்தொன்பது இறப்பு வரிசையாக. அப்புறம் கல்யாணங்கள், விவாகரத்து ஒன்று, பிறப்புகள். நவம்பர் இருபத்து நாலில் கை நின்றுவிட்டது.

பெண் குழந்தை. தாய் எழிலரசி. தந்தை சேகர், காலமானார். பதிவாளர் தணிகாசலம்.

எழில் எட்டாவது வரை படித்தவள். ஆனால் மூளை கத்தி. என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"இரு. நான் சொல்றது சரியா பாரு. எம்பொண்ணு அன்னைக்கு என் வயித்துல அங்க இருந்தான்னு நிரூபிச்சா, அவ பொறக்கவேயில்லன்னு ஆயிடும். அவ பொறந்தது நிக்கணும்னா, நாங்க அங்க இல்லன்னு ஆயிடும். அதானே?"

"அதான்."

"மறுபடி பதிஞ்சுக்க முடியாதா?"

"முடியும்மா," என்றார் மெஹருன்னிசா. "தாமதப் பதிவு. விசாரணை, மருத்துவமனை ரெக்கார்டு, நோட்டீஸ். தொண்ணூறு நாள். அதுவரைக்கும் அவ பேர்ல ஒரு மாத்திரைகூட வாங்க முடியாது."

எழில் என் பக்கம் திரும்பினாள். "ஏண்ணா, வாயு வந்த அந்த வாரமே நீ போயி, இவங்க யாரும் போகல, நான்தான் தப்பா ஏத்திட்டேன்னு சொல்லியிருந்தா?"

பத்து வருடமாக இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் எட்டு மாடிக்காரர்களின் கம்ப்யூட்டரையெல்லாம் சும்மா ரிப்பேர் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். முன்கூட்டி ஏற்றியதற்காக ஒருவரும் என்னைக் குறை சொன்னதில்லை. அவர்கள் கேட்டார்கள், நான் செய்தேன். ஊருக்குத் தெரியாதது வேறு ஒன்று இருந்தது.

"திருத்தம் போட முப்பது நாள் டைம் உண்டு எழில். முப்பது நாளுக்குள்ள போட்டா அது பொய்யில்ல, பிழை. வாயு வந்த அன்னைக்கு இன்னும் ஆறு நாள் மீதி இருந்துச்சு."

"ஆறு நாளா?"

"மேலதிகாரி கூப்பிட்டு, வாயை மூடிக்கிட்டு இரு, இல்லன்னா உன்னை உள்ள தள்ளிட்டுப் போயிக்கிட்டே இருப்போம்னாரு. பயந்துட்டேன். வேற ஒண்ணும் இல்ல. பயம்தான்."

"ஆறு நாளும் நீ இன்னா பண்ண?"

"பத்தொன்பது இறப்புப் பதிவு போட்டேன். எல்லாத்துலயும் இந்த மாடி வீட்டு விலாசம் போட்டேன்."

அவள் அடித்திருந்தால் தேவலை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறிப் போனாள். நாலு மாடிக்கும் அவள் இருமல் கேட்டது.

மூன்று நாள் அவளும் வரவில்லை, மாரியும் வரவில்லை. நாலாம் நாள் காலை வந்தாள். உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்றே பேசினாள்.

"குடுத்துடு."

"எழில், நல்லா யோசிச்சு..."

"யோசிக்காமதான் மூணு நாள் தூங்காம கெடந்தேனா? குடுக்கலன்னா அவளுக்கு எப்பவும் மருந்து இல்ல. குடுத்தா தொண்ணூறு நாள். தொண்ணூறு நாள் நான் இழுத்துப் புடிச்சுடுவேன். ஒம்போது வருசம் புடிச்சவளுக்குத் தொண்ணூறு நாளா பெருசு?" மூச்சு வாங்க நிறுத்தினாள். "உனக்காக இல்ல. உன் மூஞ்சியப் பாக்கவே எனக்குப் புடிக்கல. மேல முந்நூறு பேரு இருமிக்கினு கெடக்காங்க. குடுத்துடு."

கொடுத்தேன். சித்திரை பதினாலாம் தேதி மெஹருன்னிசா தாக்கல் செய்தார். சங்கிலி சரிபார்த்துக்கொள்ள ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மனிதர்கள் பத்து வருடம் கத்தினாலும் கேட்காத சனியன், கைரேகையைப் பார்த்ததும் ஒப்புக்கொண்டது. நாற்பது கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு பதிவுகள் ஒரே கண்ணியில் செத்தன. பத்து வருடக் கல்யாணங்கள் ஒன்றுமில்லாமல் போயின. செத்தவர்கள் எழுந்து வந்தார்கள். அன்று என் கடைக் கண்ணாடியை உடைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை மாரி அம்மாவின் போனைத் தூக்கிக்கொண்டு தானே படியிறங்கி வந்துவிட்டாள். உதடெல்லாம் நீலம். மூச்சு நிலைக்கு வர ஐந்து நிமிடம் ஆயிற்று. ரேஷன் அட்டையைத் திறந்து காட்டினாள்.

குடும்பத் தலைவர் சேகர். மனைவி எழிலரசி. மொத்தம் இரண்டு பேர். முந்தாநாள் வரையிலும் இரண்டு பேர்தான், எழிலரசியும் மாரியும்.

"மாமா, அப்பா வந்துட்டாரா?"

"இல்லடா. அது... மிசின் தப்பு."

"அப்ப நான் எங்க?"

அவளைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி அவள் வீட்டில் விட்டேன்.

வைகாசிக் கடைசியில் வாயுப் பாதிப்புப் பட்டியல் வந்தது. இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர். குடியிருப்பில் பட்டாசு வெடித்தார்கள். புகை ஆகாது என்று யாரோ திட்ட, பாதியில் நிறுத்தினார்கள். ஆனி முதல் வாரம் ஊசி ஆரம்பித்தது. மனைவி செத்த தேதிக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கிழவர் ஆனிக் கடைசியில் நிற்காமல் மூன்று மாடி ஏறினார். எழிலுக்கும் ஊசி போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்ட கையோடு அவள் அடுத்த வரிசையில் போய் நிற்பாள், பிறப்பு விசாரணைக்கு.

'குழந்தையை நேரில் ஆஜர்படுத்தவும்' என்று நோட்டீஸ். தூக்கிக்கொண்டு போனாள். 'தந்தை உயிருடன் உள்ளதால் அவரது ஒப்புதல் தேவை' என்று இன்னொன்று. மெஹருன்னிசா சேகரின் இறப்பை முதலில் மறுபடி பதிந்து, அப்புறம் இதற்கு வந்தார். அதில் இருபத்தாறு நாள் போயிற்று. மருந்தகத்தில் ஒருவர் மனது வைத்து, பட்டியலில் இருந்து செத்துப்போன ஒருவர் பெயரில் ஒரு ஊசி தருகிறேன் என்றார். அதற்கும் கைரேகை வேண்டும் என்று மிஷின் சொல்லிவிட்டது. நான் தினமும் அவள் வீட்டுக்கு முன்னால் ஆக்ஸிஜன் சிலிண்டரை ஏற்றிவைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் இறங்கிவிடுவேன். காலி சிலிண்டர் மறுநாள் வெளியே இருக்கும்.

எண்பத்திரண்டாம் நாள், ஆடி இரண்டு, காலை ஏழு மணிக்கு மாரி போய்விட்டாள். தோசை கேட்டாளாம். ஊற்றிக்கொண்டு வருவதற்குள்.

ஆடி நாலாம் தேதி எழில் போனுக்குச் செய்தி வந்தது. 'தாமதப் பிறப்புப் பதிவுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. வாழ்த்துகள்.'

அன்றே சேவை மையத்துக்கு என்னையும் கூட வரச் சொன்னாள். ஏன் என்று கேட்கத் தைரியம் இல்லை, போனேன். நான் உட்கார்ந்து வேலை பார்த்த அதே நாற்காலியில் இப்போது ஒரு அம்மாள் இருந்தார். நெற்றியில் குங்குமம், கழுத்தில் மஃப்ளர் மாதிரி ஒரு துண்டு, ஏசி தாங்காது போல. எழில் இறப்புச் சான்று கேட்டாள். அம்மாள் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிறப்பே இன்னும் ஏறலையேம்மா. பொறப்பு இல்லாம இறப்புப் போட முடியாது. ஒப்புதல் மட்டும்தான் வந்திருக்கு."

"ரெண்டும் போட்டுடுங்க."

அம்மாள் தட்டினார். திடீரென்று நிறுத்தினார். விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு. கண் கலங்கிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தார்.

"இங்க பாரும்மா. அமலுக்கு வர்ற தேதின்னு ஒரு கட்டம் இருக்கு. இன்னைக்கு தேதி போட்டா, பாப்பா உயிரோட இருந்தப்ப பதிவே இல்லாத மாதிரி ஆயிடும். பாதிப்புப் பட்டியல்ல எந்தக் காலத்துலயும் பேர் வராது. நான் ஆனி கடைசித் தேதி போட்டுடறேன். ஆடிக்கு முன்னாடி. ஒருத்தருக்கும் தெரியாது. உனக்கு என்னால முடிஞ்சது."

அந்தக் குரல் என் குரல். அதே பரிவு, அதே தணிந்த தொனி. ஆனாலும், 'போட்டுடுங்கம்மா, புண்ணியமாப் போகும்' என்பது என் நாக்கு நுனி வரை வந்தது. கடவுள் சத்தியமாக வந்தது.

எழில் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க. உங்களுக்கு நல்ல மனசு. அந்த அண்ணனுக்கும் நல்ல மனசுதான், ஒரு கூடை நண்டு குடுத்தோம்." என் பக்கம் பார்க்காமலே சொன்னாள். "இன்னைக்கு சாயங்காலம் நீங்க எத்தினி புள்ளைங்களுக்குக் கையெழுத்துப் போடணும்? அதுங்க பொறப்பாவது நிக்கட்டும். நடந்தது நடந்த தேதியில போடுங்க."

அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டினார். பிறப்பு ஏறியது. அடுத்த கண்ணிக்காகக் காத்திருந்தார். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. நானும் எழிலும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு இறப்பு ஏறியது. சான்றிதழை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு எழில் வெளியே நடந்தாள்.

ஆகஸ்ட் முதல் தேதி உதிர்ப்பு நடந்து முடிந்தது. கண்டல்குப்பத்துக் கேழ்வரகு இப்போது எங்கள் லிஃப்ட் அறையில் மட்டும்தான் இருக்கிறது, எனக்குத் தெரிந்தவரை. மிஷின் கார்த்திகையையும் தாண்டி, ஒவ்வொரு வருடமாக வந்து, நிகழ்காலத்தைப் பிடித்துவிட்டது. என் மேல் கேஸ் நடக்கிறது. ஜாமீனில் இருக்கிறவரை டிஸ்க்குகளைத் துடைத்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன்.

நேற்று மதியம் எழில் வந்தாள். வாசலோடு நிற்காமல் உள்ளே வந்து மாரியின் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அவ வந்தா காட்டறேன்னு சொன்னியாமே. என்கிட்ட சொன்னா."

சாதா நோடு எதைக் கேட்டாலும் மாரி இறந்துவிட்டாள் என்றுதான் சொல்லும். பழைய கார்த்திகைப் பதிவைத் தட்டினால் 'செல்லாது' என்று வரும். நான் கண்ணியின் எண்ணைத் தட்டினேன். ஆடி நாலு, பகல் பன்னிரண்டு மணி ஏழு நிமிடம், இருபது விநாடி. பிறப்பு ஏறி, இறப்பு இன்னும் ஏறாத அந்த ஒரே ஒரு கண்ணி.

மாரி. தாய் எழிலரசி. பெண். வயது ஒன்பது. உயிருடன்.

"எவ்ளோ நேரம்ணா இது?" என்றாள்.

"பதினோரு விநாடி."

"மறுபடி காட்டு," என்றாள் எழில்.